முக்கொம்புப் பாலத்தில் மூன்று தடவை

1

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் ஒரு புல்வெளியில் என் அப்பாவைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, பெண் வேடத்தில், ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

படித்துவிட்டுப் பதறாதீர்கள். என் அப்பாவுக்கு எண்பது வயது. அந்த நேரத்தில் அவர் ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதி வீட்டில், மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருப்பார். நான் பார்த்தது அவருடைய இருபத்து மூன்றாவது வயதை. இதை எழுத அவரே அனுமதி கொடுத்திருக்கிறார், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனை என்னவென்று உரிய இடத்தில் சொல்கிறேன்.

என் பெயர் வேதவல்லி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஊர். ஒரு காலத்தில் கார் தொழிற்சாலைகளால் பிழைத்தது. இப்போது அந்தத் தொழிற்சாலைகள் இருந்த இடத்தில் வீடுகளும் ஒரு பெரிய காய்கறிக் கடையும் இருக்கின்றன. நான் இங்கே பஸ் ஓட்டுகிறேன். மாடி பஸ். டபுள் டெக்கர். ஒன்பது வருடங்களாக.

அன்று எனக்குச் சிறப்பு டியூட்டி. ஊருக்கு வெளியே பழைய கார்களின் கண்காட்சி. ரயில் நிலையத்திலிருந்து கூட்டத்தை ஏற்றிக்கொண்டுபோய் மைதானத்தில் இறக்க வேண்டும். அரை மணி இடைவேளை கிடைத்தது. ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்த புளியோதரையைத் தின்றபடி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அடடா, என்ன கார்கள்! இந்த நாட்டுக்காரர்கள் பேச்சில் அளந்து பேசுவார்கள், சாப்பாட்டில் உப்பு உறைப்பு பார்த்துப் போடுவார்கள், ஆனால் ஒரு காலத்தில் இப்படிக் கார் செய்திருக்கிறார்கள் என்றால் உள்ளுக்குள் எவ்வளவு ஆசையை அடக்கி வைத்திருந்திருக்க வேண்டும்! நீளமான முன்பக்கம், அதற்குப் பின்னால் இரண்டே பேர் உட்காரும் குழி, மேலே கூரை கிடையாது. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் உட்கார்ந்து போவார்கள். மழை பெய்தால் நனைவார்கள். நனைந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். தோல் இருக்கையும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. மூக்கை நீட்டினால் விடவே விடாது.

இந்தக் கார்களைப் பிரபலமாக்கியது சாலை இல்லை, சினிமா. இங்கே உளவாளிகளும் ஓடிப்போகிற காதலர்களும் இதில்தான் போவார்கள். நம்மூரிலும் என்ன குறைச்சல்? அறுபதுகளில் ஒரு பாட்டு வந்தால் ஒரு திறந்த காரும் வரும். பின்னால் திரையில் மலையும் மரமும் ஓடும். ரோடு நேராக இருக்கும்போது கதாநாயகன் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பார். பஸ் ஓட்ட ஆரம்பித்த பிறகு அந்தக் காட்சிகளைப் பார்த்தால் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது.

சிவப்பு நிறத்தில் ஒரு டூ-சீட்டர். அதன் முன்னால் ஒரு பலகை: ‘இந்தியத் திரைப்படத்தில் நடித்த கார்.’ கீழே அந்தப் புகைப்படம். பாலத்தின் மேல் போகும் கார், ஓட்டுகிறவளின் முதுகு, காற்றில் ஒரு பக்கமாகப் பறக்கிற, கையளவு தடிமனான, இடுப்பைத் தாண்டிய கூந்தல்.

புளியோதரை டப்பாவோடு இன்னும் கிட்டே போய் நின்றேன்.

2

இந்தக் கூந்தலின் கதை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

இங்கே வந்த புதிதில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தேன். ஒரு நாள் ஆபீசையே மூடிவிட்டார்கள். வேலை தேடி அலைந்த மாதங்களில் தினமும் ஏறிய பஸ்ஸின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தது: ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி தரப்படும். மனு போட்டேன். கண் பரிசோதனை, முதுகுப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, எச்சரிக்கைப் பலகைகளின் படங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் விளக்கம், பிறகு ஓட்டுகிற தேர்வு. இந்த நாட்டில் ஒரு படிவத்தை நிரப்பினால் அது இரண்டு குட்டி போடும். எல்லாவற்றையும் தாண்டி உரிமம் வாங்கினேன்.

ஆரம்ப நாட்களில் ஒரு பெரியவர் ஏறி, “ஆஸ்பத்திரி வழியாகப் போகுமா?” என்று கேட்டார். நம்மூர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். போகாது போலிருக்கிறது என்று பாவம், இறங்கிப் போய்விட்டார். கதவைத் திறந்து கூப்பிட்டு ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. இப்போது டியூட்டியில் என் தலை ஆடுவதே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆடுகிறது.

அந்த மாடி பஸ் பக்கத்தில் சீருடையோடு நின்று ஒரு போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. போன் செய்தால் அம்மா எடுப்பாள். “அப்பா கோயிலுக்குப் போயிருக்கார்” என்பாள். பதினொரு மாதம் அப்பா என்னோடு பேசவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு மேல், பரம்பரையாகப் பெரிய கோயிலில், பெருமாள் முன் பாசுரம் பாடுகிற பிரபந்த கோஷ்டியில் சேவிக்கிறவர். தெருவில் யார் கேட்டாலும், “பொண்ணு அங்க போக்குவரத்துத் துறையில இருக்கா” என்றுதான் சொல்லிவந்தார். பொய் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் மேஜை நாற்காலியை நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது வலித்தது. இப்போதும் எழுதும்போது வலிக்கிறது.

அந்த நாட்களில்தான் காதர் மாமா போன் செய்தார். அப்பாவின் பால்ய சிநேகிதர். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் அவர்களுக்கு ஒர்க் ஷாப் இருந்தது. பிறகு வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பினார்.

“பாப்பா, உங்கப்பாவுக்குக் கோவம் உன் மேல இல்லம்மா. அவரு மேலயே. அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்த விஷயம் ஒண்ணு சொல்றேன், நீயும் செத்தாலும் வெளிய சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு.”

செய்தேன். அவர் சொன்னார்.

3

கறுப்பு வெள்ளைப் படங்களின் கடைசிக் காலம். ஒரு சினிமா கம்பெனி முக்கொம்புக்கு வந்து இறங்கியது. கதாநாயகி கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு அணைப் பாலத்தின் மேல் பறக்கிற காட்சி. மெட்ராஸிலிருந்து யாரோ வெள்ளைக்கார எஸ்டேட்காரரின் கார் வந்திருந்தது. திருச்சி வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கார்புரேட்டர், ஒன்று ஓடினால் மற்றொன்று இருமும். காதர் மாமாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் துணைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒர்க் ஷாப் ஜீப்பில், கொள்ளிடக் கரையில், இரண்டு வருடம் ஒளிந்து ஒளிந்து காதர் மாமா கற்றுக்கொடுத்திருந்தார்.

கதாநாயகிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவருக்குப் பதிலாக ஓட்ட ஒரு ஒல்லியான டிரைவரை விக் வைத்து உட்கார வைத்தார்கள். திறந்த கார், ஆற்றுக் காற்று. பாலத்தின் பாதியில் விக் எழும்பிப் பறந்து காவேரியில் விழுந்தது. இரண்டு பரிசல்காரர்களை அனுப்பித் தேடினார்கள். கிடைக்கவில்லை. வேறு விக் மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும். வெளிச்சமோ இறங்கிக்கொண்டிருந்தது.

(அப்பாவின் நிபந்தனை இதுதான்: “விக் காவேரில விழுந்ததை விட்டுடாதே. இல்லேன்னா நானா ஆசைப்பட்டுண்டு போனேன்னு நினைச்சுப்பா.”)

டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எதிரே ஒரு பையன் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோஷ்டியில் சேவிக்கிற குடும்பம் என்பதால் குடுமி. சின்ன வயதிலிருந்து வெட்டாமல் வளர்த்த முடி. முடிச்சுப் போட்ட பிறகும் ஒரு தேங்காய் அளவு இருந்தது.

“டேய் ரங்கா, அவுத்துக் காமிடா” என்றாராம் காதர் மாமா.

“போடா. பெரியவா யாருக்காவது தெரிஞ்சா என்னைக் கோஷ்டியில நிக்க விடமாட்டா.”

“முதுகுதானடா தெரியும். முகத்தை யாரு பாக்குறா? கார் உன் கைக்கு வரும்டா!”

அப்பா காரைப் பார்த்தார். அவ்வளவுதான். குடுமியை அவிழ்த்தார். கம்பெனிக்காரர்களெல்லாம் சுற்றி வந்து பார்த்தார்கள். முதுகு தாழ வெட்டிய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புடவையைக் காதர் மாமாவும் மேக்கப்காரருமாகச் சுற்றிவிட்டார்கள்.

மூன்று தடவை பாலத்தைக் கடந்தார். முதல் தடவையில் வெளிச்சம் சரியில்லை. இரண்டாவது தடவை எல்லாம் சரியாக வந்துவிட்டது; டைரக்டர் கட்டிப்பிடிக்காத குறை. மூன்றாவது தடவை எதற்கு என்று கேட்கிறீர்களா? அப்பா இறங்கவில்லை. “இன்னொரு தடவை போய்ட்டு வரட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். காமிராவில் பிலிம் இல்லை. சும்மா போய்விட்டு வந்தார்.

அதன்பிறகு அவர் எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. சைக்கிள்தான்.

படம் வந்தது, ஓடியது. தியேட்டரில் அந்தக் கூந்தல் வரும்போது விசில் பறந்ததாம். அப்பா தன் முதுகுக்கு மற்றவர்கள் விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார் என்பார் காதர் மாமா. வேடிக்கை அதோடு முடியவில்லை. என் அம்மாவுக்கு அந்தக் கதாநாயகி என்றால் உயிர். எனக்குத் தலை பின்னும்போதெல்லாம், “அவளுக்கு என்ன முடிடி! கார்ல போறச்சே பார்த்தியோ? நீயும் எண்ணெய் தேச்சுண்டா வரும்” என்பாள். அப்பா பக்கத்தில் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குக் கடைசி வரை அந்த முடி வரவில்லை. வந்தது அம்மாவின் குடும்பத்து முடி.

4

இனி மைதானத்துக்கு வருகிறேன்.

காரின் சொந்தக்காரர் ஜெரால்டு, ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். புருவம் இரண்டும் வெள்ளைத் தூரிகை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். என்னைப் பார்த்ததும் இந்தியாவா என்று கேட்டார். “இந்தப் படம் எது, இந்த நடிகை யார், உங்களுக்குத் தெரியுமா?” அந்த எஸ்டேட்காரர் ஊர் திரும்பும்போது காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவருடைய பிள்ளையிடமிருந்து இவர் வாங்கினார். காரோடு வந்தது இந்த ஒரு புகைப்படம் மட்டும்தான். படத்தின் பெயர்கூடத் தெரியாது.

“எங்கள் பழைய கார் கிளப்பின் பதிவாளர் நம்ப மறுக்கிறார்” என்றார். “காரணம் இந்த பெல்ட்.”

எந்த பெல்ட் என்று கேட்டேன். புகைப்படத்தில் விரல் வைத்துக் காட்டினார். கூந்தலும் முந்தானையும் விலகிய இடத்தில், வெற்று முதுகில், இடது தோளிலிருந்து வலது இடுப்பை நோக்கி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு.

“இது செய்த காலத்துக் கார்களில் சீட் பெல்ட் கிடையாது. இருந்தாலும் ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்கிறவர். பெல்ட் கதவுப் பக்கமிருந்து, வலது தோள் மேல்தான் வர வேண்டும். இது இடது தோளில் வருகிறது. அப்படியானால் வண்டியின் நடுவிலிருந்து கட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் ஏதோ தனி ஏற்பாடு. பதினொரு வருடமாக இதை ஆராய்கிறேன்.” குனிந்து இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் காட்டினார். துளை போட்டு, ஆணி முடுக்கி, தோல் வேலைக்காரரிடம் சொல்லிச் செய்த சன்னமான வெள்ளை வார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் இருப்பது போலவே இடது தோளில் போட்டு எனக்குக் கட்டியும் காட்டினார்.

பூணூல்! அப்பாவின் பூணூலை ஒரு வெள்ளைக்காரர் பதினொரு வருடம் ஆராய்ந்து, காரில் துளை போட்டு, தானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார்!

சிரிப்பை அடக்க முடியாமல் டப்பா மூடியைக் கீழே போட்டு, அதைத் தேடுகிற சாக்கில் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லவும் முடியாது, சத்தியம். அவருடைய எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸை எடுத்தேன். அன்று என் பஸ்ஸில் வந்தவர்கள் ஓட்டுநர் ஏன் தனியாகச் சிரிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் வாய் நிற்கவில்லை. கணவர் டியூட்டியில் இருந்தார். மகள் நிலாவிடம் கொட்டிவிட்டேன். அவளுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தாத்தாவோடு வாரா வாரம் அவளுக்கு இரண்டு வாக்கியம்தான்: “நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?” அதன்பிறகு போன் என் கைக்கு வந்துவிடும். அவள் விலகிப்போவதை நான் வாசல் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் கூப்பிட்டு நிறுத்தவும் தோன்றாது.

அந்தப் படத்தின் துண்டு இணையத்தில் இருந்தது. அவளே தேடி எடுத்து, நிறுத்தி நிறுத்தி, பதினைந்து தடவை பார்த்தாள். “அம்மா, தாத்தாவா இது? இவ்வளவு ஸ்டைலா?” என்று முழுசாகத் தமிழில் கேட்டாள்.

அடுத்த நாள் வழக்கமான வீடியோ கால். நான் கண்ணைக் காட்டியும் பயனில்லை. போனைப் பிடுங்கி அவள் சொன்னாள்:

“தாத்தா! உங்க முடி சூப்பர் தாத்தா! அந்தக் கார் இங்கதான் இருக்கு!”

அப்பாவின் முகம் திரையில் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. பிறகு அவர் கை வந்து திரையை மறைத்தது. கால் துண்டிக்கப்பட்டது.

5

முதல் நாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. காதர் மாமா தலையில் அடித்துக்கொண்டார். “என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? நேர்ல போனேன், ‘சத்தியத்தை மீறினவன்கிட்ட பேச்சில்லை’ன்னுட்டு உள்ள போயிட்டாரு.”

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போன தடவை பதினொரு மாதம் பேசாமல் இருந்தார். அப்போது அவருக்கு எழுபத்தொன்று. இப்போது எண்பது. நடுவில் அம்மாவும் போய் ஆறு வருடமாகிவிட்டது. இன்னொரு பதினொரு மாதத்துக்கு நேரம் இருக்கிறதா? நிலா, “நான்தான் கெடுத்தேனா?” என்று அழுதாள். அவளைத் திட்டவும் மனம் வரவில்லை.

நான்காம் நாள் டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அப்பா. அவராகப் போன் செய்கிற வழக்கமே கிடையாது.

“வேதா.”

“அப்பா!”

தொண்டையைச் செருமினார்.

“அந்த வண்டி… செகண்ட்லேர்ந்து தேர்டு போறச்சே இன்னும் முரண்டு பண்றதா?”

டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“தெரியலப்பா. நான் ஓட்டலை.”

“கொஞ்சம் நியூட்ரல்ல நிறுத்தி, மூச்சு விட்டுட்டுப் போடணும். அவசரப்பட்டா கத்தும். அவர்கிட்ட சொல்லு.” பிறகு, “இப்ப என்ன வர்ணம்?”

“சிவப்பு.”

“சிவப்பா! யார் சொன்னா சிவப்புன்னு? வெளிர் பச்சைன்னா அது! மாங்காயை அறுத்தா உள்ள இருக்குமே, அந்தப் பச்சை. கறுப்பு வெள்ளைல பார்த்துட்டு இஷ்டத்துக்கு அடிச்சுட்டாரா?”

குரல் இருபத்து மூன்று வயதுக்குப் போயிருந்தது. அதன்பிறகு கொட்டினார். ஸ்டியரிங் எவ்வளவு மெல்லிசு, பாலத்தின் பலகைச் சத்தம் எப்படி முதுகெலும்பில் ஏறியது, காவேரி ஒரு பக்கமும் கொள்ளிடம் ஒரு பக்கமும் எப்படிப் பின்னால் ஓடியது. கூந்தல் பறந்தது அவருக்கு நினைவே இல்லை. காதுக்குள் காற்று மட்டும்தான் நினைவிருந்தது.

“ஏன்ப்பா யார்கிட்டயும் சொல்லல?”

“எங்கப்பா இருந்த வரைக்கும் பயம். அதுக்கப்புறம் பழகிடுத்து.” நிறுத்தினார். “உங்கம்மாகிட்டயாவது சொல்லியிருக்கணும். அந்த முடியைப் பத்தி எத்தனை தடவை பேசினா! ஒரு நாள் சொல்லிடலாம், ஒரு நாள் சொல்லிடலாம்னு இருந்தேன். போயிட்டா. சொல்லியிருந்தா எவ்வளவு சிரிச்சிருப்பா, இல்லையா?”

டிப்போ என்றும் பார்க்காமல் அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆனால் என் பஸ்ஸைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே ஜெரால்டு வீட்டுக்குப் போனேன். வெளிர் பச்சை என்று சொன்னதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கதவுக் கீலின் உள்பக்கம், மூன்று பூச்சுக்கு அடியில், அந்த நிறத்தைச் சுரண்டிப் பார்த்தது அவர் ஒருவருக்குத்தான் தெரியுமாம். பிறகு அந்தப் பெல்ட் என்னவென்று சொன்னேன். கண்ணை மூடி, வாயைப் பொத்தி, தோள் குலுங்க ஐந்து நிமிடம் சிரித்தார். “பதினொரு வருடம்” என்பார், மறுபடி சிரிப்பார். வாரைக் கழற்றிவிட்டார். துளையை மட்டும் அடைக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது முதலில் அந்தத் துளையைத்தான் காட்டுகிறார்.

6

கிளப்பின் பதிவேட்டில் ‘திரைப்படக் கார்’ என்று ஏற வேண்டுமானால் ஒரு படிவம். ஐந்து பக்கம். ‘வாகனத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு’ என்ற கேள்விக்குக் கீழே கட்டங்கள்: சொந்தக்காரர், முன்னாள் சொந்தக்காரர், மெக்கானிக், பிற. காரை ஓட்டியவரே கைப்பட வாக்குமூலம் எழுத வேண்டும். தாய்மொழியில் எழுதலாம், மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில்தான் முள் இருந்தது. உறவினரல்லாத, அந்தச் சம்பவத்தில் பங்கு பெறாத, ஊரில் மதிப்புள்ள ஒருவர் வாக்குமூலம் முழுவதையும் வாசித்துவிட்டு, வாக்குமூலம் தருபவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

காதர் மாமா பங்கு பெற்றவர், ஆகாது. அப்படியென்றால் உத்திர வீதியில் யாரோ ஒருவர் இதை வாசித்தாக வேண்டும். புடவை, ஜாக்கெட், அவிழ்த்த குடுமி எல்லாவற்றையும்.

“விட்டுடுவோம்பா” என்றேன் போனில். “உங்களுக்குச் சங்கடமாயிருந்தா வேண்டாம். ஜெரால்டு புரிஞ்சுப்பார்.”

“படிவத்தை அனுப்பு” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. ஜெரால்டு வீட்டுக் கொட்டகையில், காரின் முன்மூடி மேல் வைத்துப் பிரித்தோம். நிலாவும் வந்திருந்தாள். கணக்கு வாத்தியாரின் மணி மணியான கையெழுத்து. தலைப்பில் வழக்கமான மங்கள வரி. அதற்குக் கீழே பெயர், கோத்திரம் உட்பட எல்லாம். நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். விக் காவேரியில் விழுந்தது இரண்டு இடத்தில் வந்தது.

கடைசிப் பத்திக்கு வந்தேன். ‘பிற தகவல்கள்’ என்ற இடத்தில் அப்பா எழுதியிருந்தார்:

‘மூன்றாம் முறை படப்பிடிப்புக்குத் தேவைப்படவில்லை. என் ஆசைக்காக ஓட்டினேன். அந்த ஆசையை மறைத்தது என் பிழை. என் குடும்பத்தில் எனக்குப் பின் வாகனம் ஓட்டுபவள் என் ஒரே மகள் சௌ. வேதவல்லி. அவள் அவ்விடத்தில் பஸ் ஓட்டுகிறாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்று நம்புகிறேன். இவ்வண்டியை ஒரு முறை அவளிடம் தரும்படி உரிமையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.’

என்னால் மேலே வாசிக்க முடியவில்லை.

“என்ன எழுதியிருக்கிறார்?” என்று கேட்டார் ஜெரால்டு.

“நான் பஸ் ஓட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறார்.”

“அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?”

“இல்லை” என்றாள் நிலா.

அப்போதுதான் சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தேன். எதிர்வீட்டு சம்பத் மாமா! ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ‘பொண்ணு போக்குவரத்துத் துறையில இருக்கா’ என்று அப்பா முதன்முதலில் சொன்னதே அவரிடம்தான். அவருக்கு ஒன்று தெரிந்தால் சாயங்காலத்துக்குள் நாலு உத்திர வீதிக்கும் தெரிந்துவிடும். இது அப்பாவுக்குத் தெரியாதா?

அங்கேயே நின்று காதர் மாமாவுக்குப் போன் செய்தேன். அப்பாவோடு அவருக்குப் பேச்சு எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. எடுத்ததுமே சிரித்தார்.

“நானும் அங்கதாம்மா இருந்தேன். சம்பத் சாரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, வாய்விட்டுப் படிக்கிறாரு. புடவை கட்டின இடம் வந்துச்சு, உங்கப்பாவை ஒரு தடவை பாத்தாரு. பூணூலு வந்துச்சு, லேசா சிரிச்சாரு. கடைசில உன் விஷயம் வந்துச்சு பாரு, அங்க நிறுத்திட்டாரு. ‘என்ன ஸ்வாமி, பஸ்ஸா?’ன்னு கேட்டாரு. உங்கப்பா எந்திரிச்சு உள்ள போனாரு. பஞ்சாங்கத்தை எடுத்துட்டு வந்தாரு. அதுக்குள்ள உன் போட்டோ இருந்துச்சும்மா, நீ அன்னிக்கு அனுப்பினியே, அது. எடுத்து அவரு முன்னால வச்சாரு.”

“என்ன சொன்னார் மாமா?”

“‘ஆமா, பஸ்தான். சரியாப் பாருங்கோ, டபுள் டெக்கர்’ன்னாரு.”